இன்டெக்ஸைத் தொகுக்க மென்பொருள் போதும், எழுத ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மென்பொருள் கையேடுகள் எப்படித் தயாராகின்றன என்று உங்கள் தொழில்நுட்ப இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பெரும்பாலும் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் முடிக்கிற இடத்தில் கட்டுரையாளர் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்: இப்போதெல்லாம் கையேடுகளை மார்க்கப் மொழியில், அதாவது உரைக்கு நடுவே குறியீடுகளைப் போட்டு, எழுதுவதால் கடைசிப் பக்கங்களில் சொல்லும் பக்க எண்ணுமாக வரும் இன்டெக்ஸ் தானாகவே உருவாகிவிடுகிறது, தேடல் பெட்டி வந்தபிறகு அதற்குப் பெரிதாக வேலையும் இல்லை என்று. கையேடு எழுதுவதும் பிறர் எழுதியதைத் திருத்துவதும்தான் என் பிழைப்பு, அதனால் இதைப் பேசாமல் விட மனம் வரவில்லை. கடிதம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தானாக உருவாகிறது என்பதை முதலில் எடுத்துக்கொள்வோம். லேடெக் என்ற மார்க்கப் மொழியில் எழுதப்படும் கையேட்டில் உண்மையில் நடப்பது இதுதான். எழுதுகிறவர் ஒரு பாராவை எழுதும்போதே அதற்குள் இன்டெக்ஸ் என்ற கட்டளையைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் ஒரு சொல்லை வைக்கிறார். அச்சில் அது தெரியாது. லேடெக் ஓடும்போது அந்த இடம் எந்தப் பக்கத்தில் விழுந்ததோ அந்த எண்ணையும் சொல்லையும் சேர்த்துத் தனிக் கோப்பு ஒன்றில் வரிவரியாக எழுதிக்கொண்டே போகும். அப்புறம் மேக்இன்டெக்ஸ் என்ற நிரல் அந்தக் கோப்பை வாங்கி, அகரவரிசையில் அடுக்கி, ஒரே சொல் பல தடவை வந்திருந்தால் பக்க எண்களை ஒன்றாகச் சேர்த்து, இன்னொரு கோப்பாகத் திருப்பித் தரும். அடுத்த ஓட்டத்தில் லேடெக் அதைக் கடைசியில் அச்சிட்டுவிடும். 1980களில் பெர்க்லியில் பெஹாங் சென் எழுதிய நிரல் அது, இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. சரி, இதில் எந்த இடத்தில் இயந்திரம் எதையாவது முடிவு செய்தது? எண்ணைப் பிடித்தது, அடுக்கியது, சேர்த்தது, அவ்வளவுதான். எந்தப் பாராவுக்கு எந்தச் சொல் என்று முடிவு செய்தவர் எழுதியவர். அவர் எதையும் போடவில்லை என்றால் மேக்இன்டெக்ஸ் காலிக் கோப்பைத்தான் நீட்டும்.

மற்ற மார்க்கப் மொழிகளிலும் கதை இதேதான். டாக்புக்கில் இன்டெக்ஸ்டெர்ம் என்று ஒரு டேக், அதாவது குறியீடு, உண்டு, அதற்குள் முதன்மைச் சொல், இரண்டாம் நிலை, மூன்றாம் நிலை என்று அடுக்கு. டிட்டாவில் ஒரு இன்டெக்ஸ்டெர்முக்குள்ளேயே இன்னொன்றைப் போட்டு அடுக்கிக்கொள்ளலாம். ஆஸ்கிடாக்கில் சொல்லைச் சுற்றி இரட்டை அடைப்புக்குறி போட்டால் அது பாராவிலும் தெரியும், இன்டெக்ஸிலும் சேரும். மூன்று போட்டால் இன்டெக்ஸுக்கு மட்டும் போகும். ஸ்பிங்க்ஸில் 'பேர்' என்று எழுதி, நடுவில் அரைப்புள்ளி வைத்து இரண்டு சொல்லைக் கொடுத்தால், 'கோப்பு' என்பதன் கீழ் 'அழித்தல்', 'அழித்தல்' என்பதன் கீழ் 'கோப்பு' என்று இரண்டு இடத்திலும் அதுவே போட்டுவிடும். இவை எல்லாம் நல்ல வசதிகள், மறுக்கவில்லை. முன்பெல்லாம் பக்கங்கள் முடிவான பிறகு ஒருவர் உட்கார்ந்து அட்டை அட்டையாகச் சொல்லையும் எண்ணையும் எழுதி, அடுக்கி, தட்டச்சு செய்ய வேண்டும். நடுவில் ஒரு படம் கூடிவிட்டால் அதற்குப் பின்னால் உள்ள எண் அத்தனையும் போச்சு. இப்போது குறிப்பு பாராவுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது, பாரா எங்கே போனாலும் கூடவே போகிறது, பாராவை நீக்கினால் அதுவும் நீங்கிவிடுகிறது. மார்க்கப் மொழி நமக்குச் செய்துகொடுத்த பெரிய உதவி அது. யோசிக்கிற வேலை மட்டும் அப்படியே நம்மிடம்தான் இருக்கிறது.

என்ன யோசனை என்று கேட்கலாம். ஒரு பாராவைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். தலைப்பு, 'கணக்கு மீட்பு'. கீழே, பதிவு செய்த மின்னஞ்சலுக்கு ஒரு இணைப்பு வரும், அதை அழுத்திப் புதிய கடவுச்சொல்லை அமைத்துக்கொள்ளலாம், ஐந்து முறை தவறாகக் கொடுத்தால் அரை மணி நேரத்துக்கு உள்நுழைய முடியாது என்று எழுதியிருக்கிறது. பாராவில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கையேட்டைத் திறக்கிறவர் என்ன சொல்லோடு வருவார்? பாஸ்வேர்ட் மறந்துபோச்சு என்று வருவார். லாகின் ஆகமாட்டேன் என்கிறது என்று வருவார். அக்கவுன்ட் லாக் ஆகிவிட்டது என்று வருவார். இதில் ஒரு சொல்கூட அந்தப் பாராவில் கிடையாது. பாராவில் இருக்கும் எழுத்துகளை மட்டும் பார்க்கிற தேடல் பெட்டி இவர்களுக்கு ஒன்றையும் காட்டாது. இதே பாராவின் தலையில் 'பாஸ்வேர்ட், மறந்தால்', 'லாகின், முடியாதபோது', 'அக்கவுன்ட், லாக் ஆனால்' என்று மூன்று இன்டெக்ஸ் டேக் போட்டிருந்தால் மூன்று பேரும் வந்து சேர்ந்திருப்பார்கள். மூன்று வரி. அந்த மூன்று வரியை எழுத, வாசகர் எந்த நிலைமையில், எந்த வார்த்தையோடு வருவார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும், அதைத்தான் எந்தக் கருவியும் செய்து தருவதில்லை.

இதற்குச் சிலர் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறார்கள். மூலக்கோப்புகள் மீது ஒரு ஸ்கிரிப்டை, அதாவது சின்ன நிரலை, ஓட்டி, தலைப்பில் உள்ளவை, தடித்த எழுத்தில் உள்ளவை, அடிக்கடி வருகிறவை எல்லாவற்றுக்கும் டேக் போட்டுவிடுவது. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் இதைப் பெரிய சாதனையாகவே பேசினார்கள். கடைசியில் வந்ததைப் பார்த்தால் 'கோப்பு' என்ற சொல்லுக்கு எதிரே வரிவரியாகப் பக்க எண்கள். கோப்பைச் சேமித்துவிட்டு அடுத்த படிக்குச் செல்லவும் என்று ஒரு வாக்கியம் எங்கேயோ வரும், அந்தப் பக்கமும் பட்டியலில் இருக்கிறது. கோப்புக்கான அனுமதிகளை முழுதாக விளக்கும் பக்கமும் அதே வரிசையில், அதே எழுத்தில், பத்தோடு பதினொன்றாக நிற்கிறது. ஒரு பொருளைப் பற்றிப் பேசும் இடம் வேறு, அதன் பேர் அடிபடும் இடம் வேறு. அனுபவமுள்ள இன்டெக்ஸர்கள் ஒரு சொல்லுக்கு எதிரே ஐந்தாறு எண் சேர்ந்தாலே அதை உடைத்து, 'திறத்தல்', 'பெயர் மாற்றுதல்', 'அனுமதி', 'அழித்ததை மீட்டல்' என்று துணைத்தலைப்பு போட்டுவிடுவார்கள். முக்கியமான விளக்கம் இருக்கும் பக்கத்தின் எண்ணைத் தடித்த எழுத்தில் காட்ட சில கருவிகளில் ஏதோ ஒரு வழி இருக்கிறது. அதையும் சொல்லிக் கொடுத்தால்தான் செய்யும்.

தானியங்கி முறைக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. கட்டளைப் பெயர், ஃபங்ஷன் பெயர், ஆப்ஷன், பிழைச் செய்தியின் எண் போன்றவற்றில் ஆள் யோசிக்க ஒன்றும் கிடையாது, இயந்திரத்திடம் விட்டுவிடலாம், விட்டுவிடவும் வேண்டும். குனூ மென்பொருள்களின் கையேடுகள் எழுதப்படும் டெக்ஸின்ஃபோவில் ஒரு ஃபங்ஷனை விவரிக்கும் கட்டளையை எழுதினாலே அது ஃபங்ஷன் இன்டெக்ஸில் ஏறிவிடும். ஸ்பிங்க்ஸும் பைத்தான் ஃபங்ஷன்களுக்கு அப்படியே செய்யும். பைத்தான் ஆவணங்களின் பொது இன்டெக்ஸ் எழுத்துக்கு ஒரு பக்கமாகப் பிரித்து வைக்கும் அளவுக்குப் பெரிதாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இடத்தில் யூனிக்ஸ் இயங்குதளத்தின் பழைய கையேட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் தானியங்கி இன்டெக்ஸ் நன்றாக அமைந்ததற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் அதுதான். 1979இல் வந்த ஏழாம் பதிப்பின் முதல் தொகுதியில், கட்டளைகள் தொடங்குவதற்கு முன்னால் ஒரு சுழல் இன்டெக்ஸ் இருக்கும். ஒவ்வொரு கட்டளையின் பக்கத்திலும் முதலில் 'பெயர்' என்ற பகுதி, அதில் ஒரே ஒரு வரி: கட்டளையின் பெயர், ஒரு கோடு, அது என்ன செய்கிறது என்று நாலைந்து சொல். எல்எஸ் கட்டளைக்கு, கோப்பகத்தின் உள்ளடக்கத்தைப் பட்டியலிடும் என்று. பிடிஎக்ஸ் என்ற நிரல் இந்த வரிகளை எடுத்து ஒவ்வொன்றையும் சுழற்றும். 'கோப்பகம்' நடுவில் வரும்படி ஒரு தடவை, 'உள்ளடக்கம்' நடுவில் வரும்படி ஒரு தடவை, 'பட்டியல்' நடுவில் வரும்படி ஒரு தடவை, இப்படி. வேண்டாத சொற்களுக்கு ஒரு விலக்குப் பட்டியல் தனியாக உண்டு. இந்த யோசனை 1950களின் கடைசியில் ஐபிஎம்மில் ஹான்ஸ் பீட்டர் லூன் பரப்பியது, கட்டுரைத் தலைப்புகளைச் சுழற்றிப் பட்டியலிட அவர் அதைப் பயன்படுத்தினார். ஆக, யூனிக்ஸ் இன்டெக்ஸில் மனிதர் கை எங்கேயும் படவில்லை என்று தோன்றும். நன்றாகப் பாருங்கள், அந்த ஒற்றை வரியை யாரோ உட்கார்ந்து எழுதியிருக்கிறார். ஒரு கட்டளையை நாலு சொல்லில் சொல்ல வேண்டும், அந்த நாலும் வாசகர் தேடி வரக்கூடிய சொற்களாக இருக்க வேண்டும் என்கிற கட்டுப்பாட்டோடு எழுதியது அது. யோசனை முழுவதும் அங்கேயே முடிந்துவிட்டது, பிடிஎக்ஸுக்குச் சுழற்றுகிற வேலை மட்டும்தான் மிச்சம். இன்றைக்கும் லினக்ஸில் அப்ரப்போ என்று அடித்து ஒரு சொல்லைத் தேடினால் அதே 'பெயர்' வரியைத்தான் அது பார்க்கிறது, அந்த வரியை ஏனோதானோ என்று எழுதியிருந்தால் கட்டளை கண்ணில் படாது.

அடுத்து, தேடல் பெட்டி இருக்கும்போது இன்டெக்ஸ் எதற்கு என்கிற வாதம். இதற்கு நீண்ட பதில் வேண்டாம். ஈமாக்ஸ் என்ற எடிட்டரில், டெக்ஸின்ஃபோவிலிருந்து உருவான இன்ஃபோ கையேட்டைத் திறந்து 'ஐ' (i) விசையை அழுத்தினால் ஒரு சொல் கேட்கும், கொடுத்தால் நேராக இன்டெக்ஸில் தேடி உரிய இடத்துக்குக் கொண்டுபோய் விடும். பக்கம் புரட்ட வேண்டியதில்லை, எண்ணும் வேண்டாம். முழு உரையில் தேட 'எஸ்' (s) விசை தனியாக இருக்கிறது, இரண்டையும் ஒரே சொல்லுக்கு மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தால் வித்தியாசம் கண்ணெதிரே தெரியும். 'எஸ்' வழியில் அந்தச் சொல் வரும் இடத்தில் எல்லாம் நிற்கும், 'ஐ' விளக்கம் இருக்கும் இடத்தில் நிற்கும். திரையில் படிக்கவென்றே எழுதப்பட்ட கையேடுகளில் இன்டெக்ஸ் எப்படிப் பயன்படும் என்பதற்கு இது பல பத்தாண்டு பழைய சாட்சி. டெக்ஸின்ஃபோவில் கருத்து, ஃபங்ஷன், மாறி, விசை, நிரல், தரவு வகை என்று ஆறு இன்டெக்ஸ் தயாராகவே இருக்கின்றன, வேண்டாதவற்றை ஒன்றோடொன்று சேர்த்தும் விடலாம்.

வருத்தம் என்னவென்றால் பிறகு வந்த கருவிகள் பலவும் இதைக் கைவிட்டுவிட்டன. மார்க்டவுன் என்ற எளிய மார்க்கப் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள், 2004இல் வந்த மூல வடிவிலும் சரி, அப்புறம் வந்த காமன்மார்க்கிலும் சரி, இன்டெக்ஸுக்கென்று ஒரு குறியீடே கிடையாது. லேடெக் கட்டளையை நடுவில் செருகிப் பாண்டாக் என்ற மாற்றி வழியாகப் பிடிஎஃப் எடுத்தால் இன்டெக்ஸ் வரும், அதே கோப்பை எச்டிஎம்எல்லாக மாற்றினால் அந்தக் கட்டளைகள் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். ஆஸ்கிடாக் கோப்புகளை மாற்றித் தரும் ஆஸ்கிடாக்டரில் டேக் போட முடிகிறது, பிடிஎஃப்பில் அழகாக வருகிறது, ஆனால் அதனோடு வரும் எச்டிஎம்எல் மாற்றி இன்டெக்ஸ் பக்கத்தை உருவாக்குவதில்லை. திரையில் பக்க எண் இல்லையே, எதைக் காட்டுவது என்கிற சிக்கல் ஓரளவு நியாயமானதுதான். வெறுமனே 1, 2, 3 என்று இணைப்புகளைப் போட்டால் எது என்னவென்று தெரியாது. எண்ணுக்குப் பதிலாக அந்தப் பகுதியின் தலைப்பையே இணைப்பாகக் காட்டினால் போதும், வாசகர் அழுத்தும் முன்பே எங்கே போகிறோம் என்று தெரிந்துகொள்வார். தீர்க்க முடியாத சிக்கல் ஒன்றும் இல்லை, யாரும் கேட்காததால் யாரும் செய்வதில்லை.

கருவிகளின் சின்னச் சின்னக் குணங்களையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தானாக வந்துவிடும் என்று நம்பி விட்டுவிடுகிறவர்கள் இவற்றில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மேக்இன்டெக்ஸுக்குச் சொல்லின் முன்னால் ஒரு இடைவெளி விழுந்தாலே அது வேறு சொல். 'அச்சு' ஓரிடத்தில், இடைவெளியோடு கூடிய 'அச்சு' இன்னோரிடத்தில் என்று இரண்டு தனிப் பதிவு வரும், இதைத் தடுக்க ஒரு ஆப்ஷன் இருப்பதே பலருக்குத் தெரியாது. 'கோப்பு', 'கோப்புகள்' என்று ஒருமையும் பன்மையும் கலந்தால் அதற்கும் இரண்டு பதிவு. தொடர்ந்து மூன்று பக்கங்களில் ஒரு சொல் வந்தால் அதுவாகவே 14–16 என்று சுருக்கிவிடும், பார்ப்பவர் மூன்று பக்க விளக்கம் இருக்கிறது என்று நினைப்பார், அங்கே போனால் மூன்று தனித்தனி வாக்கியங்கள்தான் இருக்கும். டாக்புக்கில் இருந்து எக்ஸ்எஸ்எல்-எஃப்ஓ என்ற பக்க வடிவமைப்பு மொழி வழியாக அச்செடுத்தவர்களுக்கு நேர்மாறான தொல்லை, ஒரே பக்கத்தில் மூன்று டேக் இருந்தால் 5, 5, 5 என்று வரும். 2006இல் வந்த அதன் 1.1 பதிப்பில்தான் இதற்கான வசதியே சேர்ந்தது. 'காண்க' குறிப்புகள் இன்னொரு தலைவலி. 'கடவுச்சொல், காண்க: பாஸ்வேர்ட்' என்று போட்டுவிட்டு, அப்புறம் யாரோ 'பாஸ்வேர்ட்' பதிவை நீக்கிவிட்டால், வாசகர் அங்கே போய் வெறுங்கையோடு திரும்புவார். மேக்இன்டெக்ஸ் இதைக் கண்டுகொள்வதே இல்லை. அதே வேலையைச் செய்யும் ஸிண்டி என்ற இன்னொரு நிரலில் இதைச் சரிபார்க்கும் வசதி உண்டு.

அகரவரிசை என்றாலே எல்லாரும் எளிது என்று நினைக்கிறார்கள், கையேடு ஆங்கிலத்தைத் தாண்டியதும் தெரியும் சேதி. ஸ்வீடன் மொழியில் மேலே வளையமும் புள்ளியும் உள்ள உயிரெழுத்துகள் இசட்டுக்கு அப்புறம் வரும், ஜெர்மனில் அதே மாதிரி எழுத்து சாதாரண எழுத்தோடு கலந்து வரும். ஸ்பானிய மொழியில் சிஎச் ஒரு தனி எழுத்தாக அடுக்கப்பட்டது, 1994இல் அவர்கள் அகாடமிகள் கூடி அதை மாற்றின. ஜப்பானியத்தில் எழுத்தைப் பார்த்தாலே உச்சரிப்பு தெரிந்துவிடாது, அதனால் ஒவ்வொரு சொல்லுக்கும் வாசிப்பைத் தனியாகக் கொடுத்தால்தான் அடுக்கவே முடியும். நம் தமிழுக்கு வருவோம். யூனிகோடில் தமிழ் எழுத்துகளுக்குக் கொடுத்திருக்கும் எண்களின் வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை இல்லை. ன என்பது நவுக்கு அடுத்தபடியாக, பவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ற, ரவை ஒட்டி இருக்கிறது. ள, ழவுக்கு முந்திக்கொள்கிறது. ஆகவே எண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரல் 'அனுமதி, அமைப்பு, அளவு, அழித்தல்' என்று தரும். அகராதிப்படி அது 'அமைப்பு, அழித்தல், அளவு, அனுமதி' என்று இருக்க வேண்டும். புள்ளியின் எண் உயிர்க்குறிகளுக்கு எல்லாம் பின்னால் இருப்பதால் 'பகுதி' முதலிலும் 'பக்கம்' பிறகும் வரும், அகராதியில் நாம் 'பக்கம்' என்பதைத்தான் முதலில் தேடுவோம். நாலே சொல் உள்ள பட்டியலில் இது தெரியாது, பல பக்கம் நீளும் இன்டெக்ஸில் வாசகர் தேடிய சொல் இல்லை என்றே முடிவு கட்டிப் போய்விடுவார்.

இதைவிடக் கள்ளத்தனமான ஒன்று உண்டு. 'தொகுப்பு' என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் பதிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு எண்ணாகவும் பதிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஒரே கையேட்டில் இரண்டு பேர் இரண்டு விதமான விசைப்பலகையில் அடித்திருந்தால் இன்டெக்ஸில் 'தொகுப்பு' இரண்டு தடவை வரும், உற்று உற்றுப் பார்த்தாலும் என்ன வித்தியாசம் என்று பிடிபடாது. மூலக்கோப்பை முதலில் ஒரே வடிவத்துக்கு இயல்பாக்கிவிட வேண்டும், வேறு வழி இல்லை. அடுக்கும் வரிசைக்குத் தீர்வு இருக்கிறது. யூனிகோடின் பொது வரிசைப்படுத்தும் முறையில் தமிழ் மெய்கள் நம் நெடுங்கணக்குப்படியே இருக்கின்றன, மொழிவாரி விதிகளைத் தொகுத்து வைத்திருக்கும் சிஎல்டிஆர் தரவில் தமிழுக்கென்று தனி விதிகளும் உண்டு, அவற்றைப் பயன்படுத்தும் நிரலைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஸிண்டியாக இருந்தால் வரிசை விதியை நாமே எழுதிக்கொள்ளலாம். பழைய மேக்இன்டெக்ஸோடு மல்லுக்கட்டுவதானால் ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அடுக்குவதற்கான சாவிச்சொல் ஒன்றைப் போட்டு, அட் (@) குறி வைத்து, பிறகு உண்மையான சொல்லை எழுத வேண்டும். டாக்புக்கிலும் டிட்டாவிலும் இதற்கென்று தனி வசதி இருக்கிறது. நூற்றுக்கணக்கான சொல்லுக்கு இதைக் கையால் செய்யச் சொல்லி எந்த எதிரியையும் நான் சபிக்க மாட்டேன்.

குறியீடுகளில் தொடங்கும் சொற்களும் இதில் சேர்த்தி. இரண்டு ஹைஃபனோடு தொடங்கும் ஆப்ஷன்கள் எல்லாம் இன்டெக்ஸின் தலையில் குறியீடுகள் என்ற பகுதியில் போய்க் குவிந்துவிடும், வாசகரோ ஆப்ஷன் பெயரின் முதல் எழுத்தில் தேடிக்கொண்டிருப்பார். டெக்ஸின்ஃபோவில் ஹைஃபனைக் கண்டுகொள்ளாதே என்று ஒரு வரியில் சொல்லிவிடலாம். மற்றவை பலவற்றில் அதற்கும் சாவிச்சொல்தான்.

மொழிபெயர்ப்பில் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இன்டெக்ஸ் டேக்குகள் மொழிபெயர்ப்பாளரிடம் பாராவிலிருந்து பிரிந்து உதிரிச் சொற்களாகப் போகின்றன. முன்பின் எதுவும் தெரியாமல் ஒரு சொல்லை அவர் இங்கே 'அமைப்பு' என்பார், அங்கே 'அமைவு' என்பார், இன்னோரிடத்தில் 'செட்டிங்' என்பார். மூலத்தில் ஒன்றாக இருந்த பதிவு மூன்றாகச் சிதறிவிடும், அந்தக் கையேட்டின் இன்டெக்ஸை யாரும் தமிழில் முழுதாகப் படித்துப் பார்ப்பதும் இல்லை. மூலக்கோப்புகளைக் கிட் (Git) என்ற, மாற்றங்களைப் பதிவு செய்துவைக்கும் கருவியில் வைத்திருக்கும் குழுக்களுக்கு ஒரு நல்ல பழக்கம் கைகொடுக்கும். டேக் பாராவுக்குப் பக்கத்திலேயே இருப்பதால், பாரா மாறிய திருத்தத்தை ரிவியூ செய்பவர் அதே திரையில் டேக்கையும் பார்க்க முடியும். பாராவில் சொல்லப்படும் விஷயமே மாறியிருக்கிறது, டேக் மட்டும் பழையபடியே நிற்கிறது என்றால் அப்போதே திருப்பி அனுப்பிவிடலாம். எழுத்துப்பிழைக்குக் கொடுக்கிற கவனத்தில் கால்வாசி கொடுத்தாலே போதும்.

இப்போது செயற்கை நுண்ணறிவு மாதிரிகளிடம் பாராவைக் கொடுத்து இன்டெக்ஸ் சொற்களைக் கேட்கிறார்கள். நானும் கேட்கிறேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாசகர் பயன்படுத்தக்கூடிய மாற்றுச் சொற்களை நாலைந்து எடுத்துக் கொடுப்பதில் அவை ஸ்கிரிப்டைவிடப் பல மடங்கு மேல். ஆனால் ஒவ்வொரு பாராவையும் தனியாகக் கொடுத்துக் கேட்டால் ஒரே விஷயத்துக்கு இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல் என்று தரும், முழுக் கையேட்டுக்கும் பொதுவான சொற்பட்டியலை நாம்தான் முதலில் கையில் கொடுக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் எல்லாப் பாராவுக்கும் ஏதாவது ஒன்றை எழுதித் தள்ளும், இந்தப் பாராவைத் தேடி யாரும் வரமாட்டார்கள், விட்டுவிடு என்று அதுவாகச் சொல்வதில்லை. வெட்டுகிற வேலை நமக்கு.

உங்கள் கட்டுரையாளர் இதைப் பற்றித் திரும்பவும் எழுதினால் ஒரு விஷயத்தைச் சேர்க்கச் சொல்லுங்கள். இன்டெக்ஸைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாமல் ஒவ்வொரு அத்தியாயத்தோடும் சேர்த்தே எழுத வேண்டும், பாராவை எழுதியவருக்கே அது யாருக்காக எழுதப்பட்டது என்று அப்போது நினைவில் இருக்கும், மூன்று மாதம் கழித்து வேறொருவர் வந்து டேக் போட்டால் பாராவில் கண்ணில் பட்ட சொல்லைத்தான் போடுவார். ஏற்கனவே முடிந்துபோன கையேடாக இருந்தால் வாடிக்கையாளர் உதவி மையத்தில் இருப்பவர்களிடம், மக்கள் போனில் என்ன சொல்லிப் புகார் கொடுக்கிறார்கள் என்று அதே வார்த்தைகளில் எழுதி வாங்குங்கள். அந்தச் சொற்களை ஒவ்வொன்றாக இன்டெக்ஸில் தேடுங்கள். கிடைக்காத ஒவ்வொன்றுக்கும் உரிய பாராவைக் கண்டுபிடித்து அங்கேயே ஒரு டேக்கைப் போட்டு, மறுபடி ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். பாராவே இல்லை என்று தெரியவந்தால் அது இன்டெக்ஸின் குறை இல்லை, கையேட்டின் குறை, அதை எழுதியவர் மேசைக்கு அனுப்பிவிடுங்கள்.

இப்படிக்கு,
கையேடு எழுதும் வாசகர் ஒருவர்